கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் வண்டியை எடுத்து ரிவர்ஸ் போட்டேன். மூன்று விநாடி கழித்துத்தான் கியர் விழுந்தது. விழும்போது அடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, “என்னடா, எதிலயாச்சும் இடிச்சிட்டியா?” என்று கேட்டார்.

எங்கள் வண்டி பதினான்கு வயதான, நான்கு கியர் உள்ள ஆட்டோமேட்டிக் செடான். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கித்தான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவினார். நுனியில் மட்டும்தான் ஆயில் இருந்தது. கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆயில். அவ்வளவில் சரியாகிவிட்டது.

எல்லா வண்டிக்கும் இப்படி நல்ல முடிவு கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதில்தான் பணம் மிஞ்சுவதும் கரைவதும் இருக்கிறது. செலவில்லாததை முதலில் பாருங்கள். பெட்டியைத் திறப்பது கடைசி.

முதலில், இருப்பது எந்த வகை?

நம் ஊரில் கிளட்ச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்லிவிடுகிறோம். 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவலான ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. அதில் வரும் கோளாறு பெரும்பாலும் கிளட்ச் தேய்மானம் அல்லது அந்தக் கருவியின் பழுது. சிவிடி-யில் பல் சக்கரக் கியர்களுக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஒரு எஃகு பெல்ட்டும் இருக்கும். இரட்டைக் கிளட்ச் வகை இன்னொரு தனிக் கதை.

இந்தக் கட்டுரை டார்க் கன்வெர்ட்டர் (என்ஜினின் சுற்றலை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள பழைய வகைக்கானது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கொரோலா, ஆட்டோமேட்டிக் ஐ10 போன்ற நான்கு, ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். சந்தேகமிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் ஆயில் பக்கத்தைப் பாருங்கள். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்று போட்டிருந்தால் இந்த வகை, சிவிடி ஆயில் என்று போட்டிருந்தால் அது வேறு. மாற்றி ஊற்றினால் பெட்டிக்கே கேடு.

ஆயில்தான் எல்லாம்

என்ஜினில் ஆயில் வழவழப்புக்கு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வண்டியை நகர்த்துவதே ஆயில்தான். என்ஜின் சுற்றும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு பக்கத்து இறக்கைகள் ஆயிலை வீசுகின்றன, அந்த வேகத்தில் எதிர்ப்பக்கத்து இறக்கைகள் சுற்றுகின்றன. அதே ஆயிலை ஒரு பம்ப் அழுத்தி, வால்வ் பாடி என்ற குறுக்குச் சந்துகள் நிறைந்த அலுமினியப் பலகை வழியாக அனுப்புகிறது. சோலினாய்டுகள் (மின்சாரத்தில் இயங்கும் சிறு வால்வுகள்) திறந்து மூடி, எந்தக் கிளட்ச் தட்டுகள் பிடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் தட்டு கருகும். சிறிய கசிவு பெரிய செலவாவது இந்த வழியில்தான்.

பம்ப் என்ஜினோடு சேர்ந்துதான் சுற்றும் என்பதையும் மனதில் வையுங்கள். வண்டியைக் கட்டி இழுப்பது பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

படி 1: கோளாறை எழுதிவையுங்கள்

மெக்கானிக்கிடம் “ஜெர்க் அடிக்குது” என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஒரு தாளில் நான்கு விஷயம் குறியுங்கள். காலையில் ஆறிய வண்டியிலா, ஓடிச் சூடான பிறகா? எந்தக் கியரில், அல்லது எந்தக் கியரிலிருந்து எதற்கு மாறும்போது? எந்த வேகத்தில்? டிரைவ், ரிவர்ஸ் இரண்டிலுமா, ஒன்றில் மட்டுமா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். இரண்டிலுமே கியர் தாமதமாக விழுந்தால் பொதுவான காரணம் இருக்கிறது: ஆயில் அளவு, அழுத்தம், பம்ப், அடைபட்ட வடிகட்டி. ரிவர்ஸில் மட்டும் என்றால் ரிவர்ஸுக்கான கிளட்ச் பக்கம் சந்தேகம் போகும். டிரைவில் மட்டும் என்றால் முன்னோக்கிய கிளட்ச்.

தாமதத்தை அளந்தே பார்க்கலாம். வண்டி நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, நியூட்ரலில் இருந்து டிரைவுக்கு மாற்றுங்கள். லேசான அதிர்வு தெரியும்வரை எத்தனை நேரம் என்று கைபேசியில் பாருங்கள். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று முறை, பிறகு ரிவர்ஸுக்கும் அதேபோல். டொயோட்டாவின் பழைய நான்கு கியர் பெட்டிகளுக்கு டிரைவ் 1.2 விநாடிக்குள், ரிவர்ஸ் 1.5 விநாடிக்குள் விழ வேண்டும் என்பது கணக்கு. மற்ற வண்டிகளுக்கும் ஏறக்குறைய இதை வைத்துக்கொள்ளலாம்.

படி 2: ஆயிலைப் பாருங்கள், சரியான முறையில்

பாதிப் பேர் தவறு செய்யும் இடம் இது. என்ஜின் ஆயிலைப் பார்ப்பதுபோல, நிறுத்தி ஆறிய வண்டியில் பார்த்தால் அளவு தப்பாகவே காட்டும். முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொயோட்டாவில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கியர் பார்க்கில் இருக்க வேண்டும். பழைய ஹூண்டாய், மிட்சுபிஷியில் என்ஜின் ஓட, நியூட்ரலில். ஹோண்டாவில் வண்டியைச் சூடாக்கி, என்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி.

டொயோட்டா முறையையே விளக்குகிறேன். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி, ஆயில் 70–80 டிகிரிக்கு வரட்டும். சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கில் கால் வைத்தபடியே லீவரைப் பார்க்கிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு இடமாக நிறுத்தி நகர்த்தி, மறுபடி பார்க்குக்கு வாருங்கள். அணைக்காமல் டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். பனியன் கழிவுத் துணி வேண்டாம், ஒரு நூல் உள்ளே போனால்கூட வால்வில் சிக்கும். மறுபடி முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ‘ஹாட்’ என்ற இரு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். ‘கோல்டு’ கோடு ஆயிலை மாற்றும்போது தோராயமாகப் பார்ப்பதற்கு மட்டும்.

குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் கெடுதல். மிதமிஞ்சிய ஆயிலைச் சுற்றும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்கு அழுத்தம் தாங்காது. அதனால் குறைந்த ஆயிலுக்குரிய அதே அறிகுறிகள் வரும்.

அடுத்து நிறம். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். சிவப்பாகவோ இளம் பழுப்பாகவோ இருந்து, நல்ல அகலத்துக்குப் பரவினால் நல்லது. அடர்பழுப்பு என்றால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. நடுவில் கறுப்புத் திட்டாக நின்று, பரவாமல், கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே எரிந்திருக்கின்றன. ஒருமுறை முகர்ந்தால் அந்த வாடை மறக்காது, அடிபிடித்த பாத்திரத்தின் வாடை.

ரோஸ்மில்க் நிறத்தில், கலங்கலாக இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் வரும். தட்டுகளில் உள்ள உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ட் இளக்கிவிடும். உடனே கண்டுபிடித்தால் ரேடியேட்டரை மாற்றி, ஆயிலைப் பலமுறை கழுவி மாற்றிக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அப்படியே ஓட்டினால் மீட்பது கஷ்டம். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் இதே அறிகுறி வரும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளை நினைத்துப் பாருங்கள். கியர்பாக்ஸுக்குள் காற்று போய்வரும் மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம். ஆயிலின் நிறத்தைப் பார்க்காமல் ஸ்டார்ட்கூடச் செய்யக் கூடாது.

டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டியென்றால், அடியிலுள்ள நிரம்பி வழியும் திருகைத் திறந்து, குறிப்பிட்ட வெப்பநிலையில் அளக்க வேண்டும். லிஃப்ட் உள்ள இடத்தில், ஸ்கேனரோடு (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்ததைப் படிக்கும் கருவி) செய்கிற வேலை அது.

படி 3: வெளியே இருப்பவை

இரவு வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவையுங்கள். காலையில் சிவப்போ பழுப்போ சொட்டியிருந்தால், அட்டையில் எந்த இடம் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கூலர் ஹோஸ், ஆயில் பேனின் (கியர்பாக்ஸின் அடித்தட்டு) ஓரம், சக்கரத்துக்குப் போகும் அச்சு நுழையும் இடத்து சீல், கியர்பாக்ஸும் என்ஜினும் சேரும் இடம். முதல் மூன்றும் எளிய வேலை. கடைசி இடத்தில் கசிந்தால் கன்வெர்ட்டர் சீலாக இருக்கலாம், அதற்குத்தான் பெட்டியை இறக்க வேண்டும்.

‘டக்’கென்று கியர் விழுகிறதா? கியர்பாக்ஸைக் குறை சொல்லும் முன் என்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று கவனிக்க (வண்டிக்கு நேர் எதிரே நிற்கவே கூடாது), ஓட்டுநர் பிரேக்கை அழுத்தியபடி ரிவர்ஸ், டிரைவ் என மாற்றட்டும். என்ஜின் எழும்பி விழுந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளில் சர்வசாதாரணம். ஐடில் வேகம் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகம்) கூடியிருந்தாலும் இதே இடி வரும். என்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் பாடி அழுக்கேறியிருந்தால், அதைச் சுத்தம் செய்தாலே அடங்கிய வண்டிகள் உண்டு.

பிறகு பேட்டரியும் எர்த் ஒயரும். மின்னழுத்தம் குறைந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் குழம்பும். லீவர் டிரைவில் இருந்தும் மீட்டரில் அந்த எழுத்து எரியவில்லை, அல்லது பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஆகிறது என்றால், லீவரின் இடத்தைச் சொல்லும் சுவிட்ச் மீது சந்தேகம். பழைய டொயோட்டாக்களில் ‘ஓ/டி ஆஃப்’ (ஓவர்டிரைவ் என்ற உயர் கியரை அணைத்திருப்பதைக் காட்டும்) விளக்கு தானாக மினுக்கினால், உள்ளே ஒரு கோளாறுக் குறியீடு பதிந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் பொத்தானை அழுத்தியதால் நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு.

படி 4: ஸ்கேனர்

குறியீட்டை அழிக்கும் முன் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பி0700 என்பது ‘கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ இருக்கிறது’ என்ற பொது அறிவிப்பு மட்டுமே, கூடவே இன்னொன்று இருக்கும். பி0705 லீவர் சுவிட்ச். பி0715, பி0720 வேகத்தை அளக்கும் சென்சார்கள். பி0750 முதல் வரும் சில எண்கள் கியர் மாற்றும் சோலினாய்டுகள். பி0741 கன்வெர்ட்டரின் இரு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச். பி0730 கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது வழுக்கல்.

குறியீடு நோயின் பெயரல்ல, வலிக்கும் இடம். சோலினாய்டு எண் வந்தால் சோலினாய்டே போயிருக்க வேண்டுமென்பதில்லை. எலி கடித்த ஒயர், துருப்பிடித்த கனெக்டர் எல்லாம் அதே எண்ணைத்தான் காட்டும். மல்ட்டிமீட்டரால் அளந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

நின்ற இடத்திலிருந்து வண்டி திணறிக் கிளம்பி, நாற்பதுக்கு மேல் ஒழுங்காகப் போகிறது, கியரே மாறவில்லை என்றால், கம்ப்யூட்டர் தற்காப்புக்காக ஒரே கியரில் பூட்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம். பல சமயம் காரணம் மின்சாரம்தான்.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

காலியான சாலையில் மெதுவாக வேகம் கூட்டுங்கள். ஆர்பிஎம் முள் எகிறி, வண்டி அதற்கேற்ப முன்னேறாவிட்டால் வழுக்கல். எந்த மாற்றத்தில் என்று குறியுங்கள்.

50–70 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்து ஓட்டும்போது, கரடுமுரடான சாலையில் போவதுபோல ‘டுர்ர்’ரென்று நடுங்குகிறதா? இதை என்ஜின் மிஸ்ஃபயர் என்று நினைத்துப் பிளக், காயில் எல்லாம் மாற்றியவர்கள் நிறைய. ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது, ஆக்சிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் வேலை செய்ததும் லாக்-அப் கிளட்ச் விடுபடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் காரணம் லாக்-அப், தொடர்ந்தால் என்ஜின் பக்கம் பாருங்கள். லாக்-அப் நடுக்கம் பல நேரம் பழைய ஆயிலாலோ தவறான ஆயிலாலோ வருவது, மாற்றினால் தீர வாய்ப்பு அதிகம்.

ஊளைச் சத்தம் கேட்டால், நியூட்ரலில் நிறுத்தி என்ஜினை முறுக்குங்கள். அங்கேயும் கூடினால் பம்ப் அல்லது வடிகட்டி. வண்டியின் வேகத்தோடு மட்டும் கூடினால் சக்கர பேரிங்காகவும் இருக்கலாம்.

அசையாத வண்டியில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்க்கும் ‘ஸ்டால் டெஸ்ட்’டை நீங்கள் செய்ய வேண்டாம். ஐந்து விநாடியைத் தாண்டினால் பெட்டி வெந்துவிடும், பிரேக் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து.

படி 6: ஆயில் மாற்றுவது

“பழைய வண்டிக்கு ஆயிலை மாத்தாதீங்க, மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. ஏற்கெனவே தட்டு தேய்ந்து வழுக்கும் வண்டிக்குக் கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்றுவார்கள். அது சாகும், பழி ஆயில்மேல் விழும். என் தீர்ப்பு இதுதான்: வழுக்கல் இல்லாத வண்டிக்கு, ஆயில் பழுப்பாக இருந்தாலும், தயங்காமல் மாற்றுங்கள். கருகிய வாடையும் வழுக்கலும் இருந்தால் புது ஆயிலில் பணம் போடாமல் படி 7-க்குப் போங்கள். ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று எழுதியிருந்தாலும், நம் வெயிலிலும் நெரிசலிலும் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவேன். 80 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பதினொரு டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு.

அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரம் பழைய வண்டிக்கு வேண்டாம், அடியில் படிந்த அழுக்கைக் கிளப்பி வால்வுகளில் அடைத்துவிடலாம். வடித்து ஊற்றும் முறையே பாதுகாப்பு. வடிதிருகைத் திறந்தால் மொத்த ஆயிலும் வராது, கன்வெர்ட்டருக்குள் பெரும்பகுதி தங்கிவிடும். மொத்தம் 7 லிட்டர், வடிவது 3 லிட்டர் என்று வையுங்கள். முதல் முறையில் 43 சதவீதம் புதிது, இரண்டாவதில் 67, மூன்றாவதில் 81. இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மூன்று முறை செய்தால் போதும்.

ஆயில் இளஞ்சூட்டில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும், சமதளம் வேண்டும். வடிந்ததை அளவுக் குவளையில் ஊற்றி அளந்து, முதலில் அதே அளவு புதிதாக ஊற்றுங்கள், பிறகு படி 2-இன்படி சரிபாருங்கள். திருகின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பேனைக் கழற்றினால் வடிகட்டியையும் மாற்றிவிடுங்கள். உள்ளே காந்தங்கள் இருக்கும். அவற்றில் மைபோல வழவழப்பான சாம்பல் நிறப் படிவு இயல்பானது. விரலில் நெருடும் இரும்புத் துணுக்குகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பேன் போல்ட்டுகளை மெதுவாக, எதிரெதிராக இறுக்குங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

எந்த ஆயில்? பழைய டொயோட்டாக்களுக்கு டி-4, பிறகு வந்தவற்றுக்கு டபிள்யூஎஸ். பழைய ஹூண்டாய்க்கு எஸ்பி-3. ஹோண்டாவின் இசட்-1க்குப் பதிலாக இப்போது டிடபிள்யூ-1. ‘எல்லா வண்டிக்கும் ஆகும் சார்’ என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்க வேண்டாம். உராய்வுத் தன்மை மாறினாலே நடுக்கம் வரும்.

படி 7: திறந்தே ஆக வேண்டுமென்றால்

ஆயில் சரியாக இருந்து, ஒயரிங் சரியாக இருந்து, இன்னமும் வழுக்கினால், அழுத்தமானி பொருத்தி ஆயில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரே மாற்றத்தில் மட்டும் கோளாறு என்றால் சோலினாய்டு, வால்வ் பாடியோடு முடியலாம். பல வண்டிகளில் அவற்றைப் பேனைக் கழற்றியே எட்டலாம், பெட்டியை இறக்கத் தேவையில்லை. தட்டுகள் எரிந்திருந்தால் முழு ரீகண்டிஷன். அப்போது கன்வெர்ட்டரையும் சேர்த்துச் செய்தாக வேண்டும், கூலரையும் ஹோஸையும் கழுவியாக வேண்டும். கருகிய தூள் அங்கே தங்கியிருந்து புதுப் பெட்டியையும் கெடுக்கும். மதிப்பீட்டில் இந்த இரண்டும் இல்லையென்றால் கேளுங்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கியர்பாக்ஸ் கிடைக்கும். மாடல் பெயர் பொருந்தினால் போதாது, பெட்டியின் குறியீட்டு எண்ணே பொருந்த வேண்டும். அதே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு சென்சார், கனெக்டர் மாறியிருக்கும். வாங்கும் முன் அதில் மிஞ்சியிருக்கும் ஆயிலை ஒரு சொட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். பொருத்தி ஓட்டிப் பார்க்கும்வரை திருப்பித் தரும் உறுதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஓட்டும்போதும் இழுக்கும்போதும்

டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு, வண்டி முழுதாக நின்ற பிறகே. சரிவில் நிறுத்தினால் பிரேக்கை மிதித்தபடி முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு பார்க். மாற்றிச் செய்தால் வண்டியின் எடை முழுதும் உள்ளே ஒரு சிறு இரும்புக் கொக்கியில் தொங்கும். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டவே கூடாது. எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலை மாதிரி ஏற்றத்தில் ஓ/டி-யை அணைத்து, தேவைப்பட்டால் 2-இல் வையுங்கள். கியர் மேலும் கீழும் தேடி அலையாமல் இருந்தால் சூடு குறையும். இறக்கத்திலும் அதேதான், பிரேக்கும் பிழைக்கும்.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். என்ஜின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே பாகங்கள் ஆயில் இன்றி உரசும். மேடை லாரியில் ஏற்றுங்கள். அது கிடைக்காவிட்டால், முன்சக்கர இயக்க வண்டியென்றால் முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது இந்த வகையில் நடக்காது.

வேலை முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும், அன்றிரவே அந்த அட்டையை மறுபடி அடியில் விரியுங்கள். ஒரு வாரம் கழித்து, வண்டி சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கை ஒருமுறை உருவிப் பார்த்து, தேதியையும் கிலோமீட்டரையும் ஊற்றிய ஆயிலின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.